அர்ச். அருளானந்தரும் அவருடைய அன்னையும்



பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது உபதேசியாரின் வேலை, சர்வேசுரன்மேல் நம்பிக்கை வைக்கப் பழக்குவது சுவாமியாரின் வேலை என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஓரியூர் மணலில் இரத்தம் சிந்திய அர்ச். அருளானந்தரை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்தப் பாடத்தை அவருக்கு முதன்முதல் கற்பித்தவர் ஒரு கைம்பெண் என்பதை அறிவீர்களோ?

போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில், 1647-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ந் தேதி, பெருங்குடும்பம் ஒன்றின் கடைசி மகனாக அவர் பிறந்தார். தந்தை பிரேசில் நாட்டில் ரியோ தெ ஜனெய்ரோவின் ஆளுநராகச் சென்று, அங்கேயே இறந்துபோனார். தாய் பெயாத்திரிஸ் அம்மாள் பிள்ளைகளை வளர்த்தார். சின்ன மகனை அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாகவும் அனுப்பினார்.

அங்கே சிறுவன் கடும் நோயில் விழுந்தான். வைத்தியர்கள் கைவிட்டார்கள். தாயோ, பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக்குச் சேசு சபையாரின் உடையை அவனுக்கு உடுத்துவதாக அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான்.

நாமும் நேர்ந்துகொள்ளுகிறவர்கள்தானே! மொட்டை அடிக்கிறோம், கருமத்தம்பட்டிக்குக் கூட்டிப்போகிறோம், மெழுகுதிரி கொளுத்துகிறோம். ஆனால் எதற்காக என்று பிள்ளையிடம் எத்தனை பேர் சொல்லுகிறோம்? பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுகிற கணக்காகவே அது போய்விடுகிறது. இந்தத் தாய் அப்படி விடவில்லை. பட்டும் சரிகையுமாய்ப் பிள்ளைகள் உலவும் அரண்மனையில் ஒரு சிறுவன் மட்டும் கறுப்பு அங்கியோடு நடமாடினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் கழற்றவில்லை. தன் உயிர் யார் தந்தது என்பதைத் தினமும் காலையில் உடுத்தும்போதே அவன் தெரிந்துகொண்டான். பத்து ஞானோபதேசப் புத்தகங்கள் செய்யாததை அந்த ஓராண்டு செய்தது என்பது என் எண்ணம்.

1662-ல், 15 வயதில், அதே அங்கியை இனிக் கழற்றாதபடி அணிந்துகொண்டு சேசு சபையில் சேர்ந்தார். பிறகு சவேரியாரைப்போல் இந்தியாவுக்குப் போக ஆசைப்பட்டார்.

இங்கேதான் சற்று நின்று கவனியுங்கள். மகனைத் தடுக்க அந்தத் தாய் தம்மால் ஆனதெல்லாம் செய்தார். பாப்பரசரின் ஸ்தானாதிபதி வரையிலும் போய் முறையிட்டார். சரித்திரம் எழுதுகிறவர்கள் சிலர் இதைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள், அது சரியல்ல. சாகக் கிடந்த மகனை ஆண்டவர் கையில் ஒப்படைத்தவருக்கு, திடகாத்திரமான மகனை ஒப்படைக்க முடியவில்லை. பிள்ளையைக் குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ அனுப்பத் தயங்கும் தாய்மாருக்கு அந்த அம்மாளின் வேதனை நன்றாகவே விளங்கும். தாய் கற்பித்த பாடம் தாயைவிட மகனிடத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. 1673-ல் அவர் கப்பலேறினார்.

நம் சத்தியமங்கலத்தையும் தன்னுள் கொண்டிருந்த பழைய மதுரை மிஷனில், காவி உடுத்து, புலால் நீக்கி, அருளானந்தர் என்ற பெயரோடு உழைத்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டு, கொடிய வாதைகளை அனுபவித்து, உயிரோடு விடுவிக்கப்பட்டார். மிஷன் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, பழைய தோழர் பேதுரு இப்போது மன்னர். அவர் இவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தர் இணங்கவில்லை, 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். 1693-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ந் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது.

செய்தி லிஸ்பனுக்கு எட்டியதும், நன்றியறிந்த வழிபாடு நடத்த மன்னர் கட்டளையிட்டார். வேதசாட்சியின் தாயும் அதற்கு வந்திருந்தார். துக்க உடையில் அல்ல, திருநாள் உடையில். மகனுக்கு அந்தச் சின்னக் கறுப்பு அங்கியை உடுத்தி அப்போது 30 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.