பெத்ரார்க்கும் உரோம நாணயங்களும்

இத்தாலிய மகாகவியாகிய பெத்ரார்க்கு என்பாரை, லாரா என்னும் மாதின்மேல் அவர் பாடிய பாடல்களைக் கொண்டே பலரும் அறிவர். அவர் பழங்காசுகளைத் தேடித் திரட்டியவர் என்பதைச் சிலரே அறிவர்.

அவர் 1304-ஆம் ஆண்டில் அரெத்ஸோ நகரிற் பிறந்தார். தந்தையார் அவரைச் சட்டம் பயில அனுப்பினார். மகன் மனமோ விர்ஜில், சிசரோ ஆகியோர் நூல்களிலேயே படிந்தது. 1341-இல் உரோமாபுரியில், காப்பிதோல் குன்றின்மீது, அவருக்குக் கவிமுடி சூட்டப்பெற்றது.

அந்நகரம் அப்பொழுது பாழ்பட்டுக் கிடந்தது. போப்பாண்டவரும் அதைவிட்டு அவிஞோனில் வீற்றிருந்தார். திராட்சத் தோட்டங்களில் மண் வெட்டுவோர், தமக்கு அகப்பட்ட காசுகளைப் பெத்ரார்க்கிடம் கொணர்ந்து, வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுவர். அன்றேல் அவற்றிற் பொறித்த முகம் யாருடையது என வினவுவர். பழைய உரோமக் காசுகளுள் மண்ணில் மிகுதியாய்க் கிடைப்பவை களிம்பேறிய வெண்கலக் காசுகளே. பொன்னும் வெள்ளியும் உருக்குலைக்குச் சென்றன. சந்தையிற் புழங்கிய சிறு காசு தவறி விழுந்தால் தேடுவாரில்லை. (நம் கரூர் அமராவதியாற்று மணலிலும் உரோமச் செப்புக்காசுகள் அகப்பட்டதுண்டு.) ஒருபுறம் சக்கரவர்த்தியின் தலை, சுற்றிலும் அவர் பெயரும் பட்டங்களும். ஏட்டில் வெறும் பெயராயிருந்தோர், காசுகளைக் கண்ட பெத்ரார்க்குக்கு முகமுடைய மனிதராயினர்.

1354-ஆம் ஆண்டு டிசம்பரில், முடிசூட உரோமாபுரிக்குச் சென்றுகொண்டிருந்த நான்காம் சார்லஸ் அரசரை மாந்துவா நகரில் அவர் கண்டார். அரசர், உரோமப் பெரியோர் வரலாறாக அவர் எழுதிவந்த நூலைத் தமக்கு உரிமையாக்குமாறு கேட்டார். கவியோ, அரசர் அதற்குத் தகுந்தவராய் விளங்கினாலன்றித் தருவதற்கில்லை என்று அஞ்சாது மறுத்தார்! மாறாகத் தாம் போற்றிவைத்திருந்த பொற்காசும் வெள்ளிக்காசும் சிலவற்றை அளித்து, அவற்றில் அகஸ்து முதலியோரின் முகங்களைக் காட்டி, அவர்தம் வழியில் நடக்கவேண்டுமென விண்ணப்பித்தார்.  சார்லஸோ 1355 ஏப்ரல் 5-ஆம் நாள் முடிசூடிய அன்றே, போப்பாண்டவரோடு செய்த உடன்படிக்கைப்படி, நகரைவிட்டு வெளியேறினார். மனம் வெதும்பிய பெத்ரார்க்கு அவரைக் கடிந்து கடிதம் எழுதினார்.

ஆயினும் சார்லஸ் அவரை மறக்கவில்லை. 1361-இல் ஆஸ்திரியக் கோமகன், ஜூலியஸ் சீசரும் நீரோவும் தந்தவை என்று கூறிய உரிமைப் பத்திரங்களைப் பெத்ரார்க்கிடமே அனுப்பிக் கருத்துக் கேட்டார். சீசர் காலத்தில் அகஸ்து என்னும் பட்டமே இல்லை. அவர் தம்மைப் பன்மையில் எழுதுவதும் இல்லை. பத்திரங்கள் பொய் என்று பெத்ரார்க்கு துணிந்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சியும் அவ்வாறே கண்டது.

1374-ஆம் ஆண்டு ஜூலையில், அர்க்குவா என்னும் சிற்றூரில் அவர் உயிர் நீத்தார்.