நாவரசர் பெருமானின் முதுமைத் திருத்தொண்டு

சைவ சமய குரவர் நால்வருள் நரையும் திரையும் கண்டவர் திருநாவுக்கரசு சுவாமிகள் ஒருவரே. திருஞானசம்பந்தர் 16 ஆண்டுகளும், சுந்தரமூர்த்திகள் 18 ஆண்டுகளும், மாணிக்கவாசகர் 32 ஆண்டுகளும் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்தனர் என்பது மரபு. நாவரசருக்கோ மரபு கூறும் ஆண்டுகள் 81. அவர் சூளை நீற்றறையில் வெந்திலர், நஞ்சுண்டும் மாண்டிலர், கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோதும் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்னும் வரலாறுகளை அன்பர்கள் பலகாலும் கேட்டு நெஞ்சம் உருகுவர். அவருடைய பிற்கால வாழ்வை அத்துணை நினைப்பார் இலர். அதனினும் அரிய செய்திகள் அங்கேதான் உள்ளன.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாராய்த் தோன்றிய மருணீக்கியார், இளமையில் சமண சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றதும், சூலைநோய் முடுக்க அதிகை வீரட்டானத்துத் திருமுன் வந்து வீழ்ந்ததும் யாவரும் அறிந்தன. அவரை நலிவித்த பல்லவ மன்னன் பின்னர்ச் சைவனாகி அதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பர். குணபரன் என்பது ஏறக்குறைய 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயராதலின், நாவரசர் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது தெளிவு.

இங்கே கருதத்தக்கது மற்றொன்று. நோயுற்றுத் தமக்கையாரை நாடி வந்த தம்பியார் அங்கே கண்ட காட்சி யாது? திலகவதியார் வைகறையில் எழுந்து திருக்கோயில் முற்றத்தை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுக்கும் நியதியுடையவர். அத்தமக்கையார் கையால் திருநீறு பெற்றே அவர் கோயிலுள் புகுந்தார். நோய் நீங்கியபின் அவர் கையில் ஏறியது உழவாரம். அது புல்லைச் செதுக்கும் எளியதோர் இரும்புக் கருவி. அரசவைப் புலமையும் சமயத் தலைமையும் கண்ட ஒருவர், திருவீதியில் முளைத்த புல்லையும் நெருஞ்சியையும் குனிந்து செதுக்குவதைத் தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். மனத்தால் நினைத்தலும், வாக்கால் பாடுதலும், காயத்தால் பணிசெய்தலும் அவரிடம் ஒருநாளும் பிரிந்து நின்றதில்லை. அந்தச் சூலைநோய்க்குப் பின் அவரைப் பிணி வருத்தியதாகச் சேக்கிழார் பெருமான் யாண்டும் கூறவில்லை.

நடையோ சொல்லி முடியாது. தில்லை, சீகாழி, ஆரூர், வீழிமிழலை, மறைக்காடு என்று தலந்தோறும் நடந்தே சென்றார். பசித்தும் நடந்தார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியும் நீர்வேட்கையும் வருத்தியபோதும் அவர் நடை நிற்கவில்லை. இறைவனே அந்தணர் வடிவில் பொதிசோறு கொண்டு காத்திருந்தார் என்பது புராணம்.

இவ்வாறு நடந்தவர்க்கு ஒருநாள் கால்கள் ஓய்ந்தன. காளத்தி மலையைத் தொழுதபோது கயிலைக் காட்சியில் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் கடந்து, காசி கடந்து, வடதிசை நோக்கினார். காயும் கிழங்கும் உண்பதையும் விட்டார். அடிகள் பரடு தேய நடந்தார். அவை தேய்ந்தபின் கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் மணிக்கட்டு வரை கரைய, மார்பினால் உந்தினார். மார்பும் நைந்தபின் உடலால் புரண்டார். இறுதியில் அசைவற்றுக் கிடந்தார். அப்போது முனிவர் ஒருவர் வந்து, மானிடர் சென்று சேரும் இடம் அன்று கயிலை, திரும்பிப் போவதே தகும் என்று அறிவுறுத்தினார். அழியும் இவ்வுடலோடு திரும்பேன் என்பதே நாவரசரின் விடை. உடல் முற்றும் தளர்ந்த அந்நிலையிலும் அவர் உள்ளம் சிறிதும் மயங்கவில்லை என்பதை ஊன்றிக் காண்க.

முனிவராய் வந்த பெருமான் மறைந்து அசரீரியாக எழுப்ப, ஊறுபட்ட உறுப்பெல்லாம் நிரம்பப் பெற்று எழுந்தார். ஆணையின்படி அங்கிருந்த தடத்தில் மூழ்கியவர் திருவையாற்றுப் பொய்கையில் எழுந்து, கயிலைக் காட்சியை அங்கே கண்டார். இன்றும் ஆடி அமாவாசையில் ஐயாற்றில் அவ்விழா நிகழ்கின்றது.

திரும்பேன் என்றவர் திரும்பி வந்தார். வந்தவர் என்ன செய்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. காண்பதற்கரிய காட்சியைக் கண்டாயிற்று, இனி ஓய்ந்திருப்போம் என்று எண்ணினாரல்லர். திருப்பூந்துருத்தியில் திருமடம் ஒன்று அமைத்துத் தொண்டு செய்தார். பாண்டிநாட்டிலிருந்து மீண்ட சம்பந்தப் பிள்ளையார் சிவிகையில் அங்கே வந்தபோது, கூட்டத்தினுள் ஒருவரும் அறியாமல் புகுந்து சிவிகை தாங்குவாருள் ஒருவரானார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பதறி இறங்கினார் பிள்ளையார். இருவரும் ஒருவரை ஒருவர் வணங்கினர். பேரன் பருவத்துப் பிள்ளையைத் தோளில் சுமக்க அம்முதியவருக்கு உடலில் வலியும் இருந்தது, உள்ளத்தில் எளிமையும் இருந்தது. இவ்விரண்டனுள் பின்னதே முதியோரிடம் காண்டற்கு அரிது.

பிள்ளையாரிடம் பாண்டிநாட்டுச் செய்தி கேட்டதும் தாமும் அத்தலங்களைத் தொழ விரும்பித் தெற்கே புறப்பட்டார். பாண்டிநாட்டுத் திருப்புத்தூர், ஆலவாய், பூவணம், இராமேச்சுரம் முதலியவற்றை அவர் பாடிய பதிகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பூந்துருத்தியிலிருந்து திருப்புத்தூர் செல்லும் நிலவழி இன்றைய புதுக்கோட்டைச் சீமையை ஊடறுத்தே செல்வதாகும். அம்முதியவரின் திருவடி இம்மண்ணில் பட்டிருக்கும் என்று கொள்வது மிகையாகாது.

இதற்குத் துணையாக நிற்பது அவர் பாடிய அடைவுத் திருத்தாண்டகம். தலங்களைத் தொகுத்துப் பாடும் இத்தகைய திருத்தாண்டகங்களைத் தம் இறுதிக்காலத்தில் திருப்புகலூரில் இருந்தே அவர் அருளினார் என்று சேக்கிழார் குறிப்பார். தாம் அறிந்த தலங்களையெல்லாம் ஊர்ப்பெயரின் ஈறு நோக்கி வகைப்படுத்தியது அது. பள்ளி என முடிவன ஒரு பாட்டு, வீரட்டங்கள் ஒரு பாட்டு, குடி என்பன ஒன்று, ஊர் என்பன ஒன்று, காடு, ஈச்சரம், மலை, துறை என்று தனித்தனியே. கோயில் பற்றிய பாட்டில் பெருங்கோயில்கள் 78 என்று எண்ணிக்கை சொல்லி, கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என வகையும் சொல்கின்றார். ஏடு புரட்டித் தொகுத்ததன்று. கால் நடந்ததை நெஞ்சு வைத்திருந்து நா எடுத்துக் கொடுத்தது. பெயர் மறத்தலே முதுமையின் முதற்குறி என்று உலகோர் அஞ்சுவர். நடையும் நினைவுப் பயிற்சியும் முதுமைக்கு நலம் என்று இக்கால மருத்துவரும் கூறுகின்றனர். நாவரசரோ அவற்றை மருந்தாகக் கருதிச் செய்தாரல்லர், தொண்டாகச் செய்தார்.

வாயில் என முடியும் தலங்களைத் தொகுத்த பாட்டு இப்பகுதியினர்க்குத் தனி உரிமையுடையது. அதில் ஆலவாயிலும் முல்லைவாயிலும் குடவாயிலும் வருகின்றன. அவற்றோடு புனவாயிலும் வருகின்றது. ஆவுடையார்கோயில் வட்டத்தில் பழம்பதிநாதர் எழுந்தருளியுள்ள திருப்புனவாசல் அது. அப்பாட்டில் முதலில் எண்ணப்பட்ட தலமோ அண்ணல்வாயில். அது இன்றைய அன்னவாசலே என்பர் அறிஞர் சிலர். அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அண்ணல்வாயில் என்ற பெயர் காணப்படுதலின், இக்கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. சித்தன்னவாசல் சமண முனிவர் கற்படுக்கைகளுக்குப் பெயர்பெற்ற குன்று. சமணரினின்றும் தம்மை நீக்கி ஆட்கொண்டமையை அப்பாட்டின் முதலில் நன்றியோடு நினைந்து, உடனே அண்ணல்வாயிலை எண்ணுகின்றார். இளமையில் தாம் விட்டு வந்த நெறியை எண்பது வயதின் அருகிலும் அவர் உள்ளம் தெளிவாக நினைந்திருந்தது.

புகலூரிலும் உழவாரம் ஓயவில்லை. அதன் முனை பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பொலியுமாறு இறைவன் செய்தார். நாவரசர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு வேறுபாடின்றி உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். வானத்து அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் அவர் கருத்தைக் கலைக்க முயன்றனர். அவரோ பணியைவிட்டு நிமிரவில்லை. சித்திரைத் திங்கள் சதய நாளில் அப்புகலூரிலேயே திருவடி நீழல் அடைந்தார். அவர் அருளியவற்றுள் இன்று கிடைப்பன 4, 5, 6 ஆம் திருமுறைகளாக 312 பதிகங்கள்.

சிவாலயங்களில் நால்வர் சந்நிதியில் அவரைக் காண்பார், மழித்த தலையும், உருத்திராக்கமும், கூப்பிய கைகளும், தோளில் சார்த்திய உழவாரமுமாக நிற்கும் திருவுருவத்தைக் காண்பர். குடமுழுக்கு நாளில் விமானத்துக்குப் புனிதநீர் ஆட்டுவதற்கு முன், மதிற் பிளவில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கியும், பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியும் பணிபுரியும் அன்பர் கூட்டத்துக்கு உழவாரத் திருக்கூட்டம் என்றே பெயர் வழங்குகின்றது. அக்கூட்டங்களில் நரைத்த தலைகள் பல.