சிறை மீண்ட பையனிடம் பணப்பை!

கொள்ளையடித்துச் சிறை சென்ற பையனை நம்பி, பணம் வாங்கிவர அனுப்புவார்களா? அனுப்பினார் ஒருவர். அவர்தான் மகரெங்கோ.

உக்ரேனில் 1888-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ரெயில்வே பட்டறையில் வர்ணம் பூசும் தொழிலாளி. மகன் பள்ளி ஆசிரியர் ஆனார்.

உள்நாட்டுப் போரினால் ஏராளமான குழந்தைகள் அனாதை ஆனார்கள். பசிக்காகத் திருடினார்கள். அத்தகைய சிறுவர்களைத் திருத்த, 1920-ல் பொல்டாவா நகருக்கு அருகே ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதன் தலைவரானார் மகரெங்கோ.

பையன்கள் முன்பு செய்த குற்றங்களை அவர் கிளறவில்லை. உழவும் பட்டறை வேலையும் கற்றுக் கொடுத்தார். படிக்க வைத்தார். நாடகம் நடிக்கச் செய்தார். கண்டிப்பும் இருந்தது.

செமியோன் கலபாலின் என்ற பையனைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார். பிறகு ஒருநாள், விடுதிக்கு உரிய பணத்தை வாங்கிவர அவனையே நகருக்கு அனுப்பினார். பையன் ஓடிவிடவில்லை. முழுப் பணத்துடன் திரும்பினான்!

விடுதிக்கு எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் பெயர் சூட்டப்பட்டது. 1928-ல் கார்க்கியே நேரில் வந்து, பையன்களோடு தங்கி மகிழ்ந்தார். ஆனால், விடுதியில் ராணுவக் கட்டுப்பாடு நிலவுவதாகக் கல்வி அதிகாரிகள் குறை கூறினார்கள். அதே ஆண்டில், தாம் வளர்த்த விடுதியை விட்டு மகரெங்கோ விலக நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. கார்கோவில் வேறொரு சிறுவர் இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகள் காமிராவே தயாரித்தார்கள்! தம் அனுபவங்களை நூலாகவும் எழுதினார். 1939-ல், 51-வது வயதில் காலமானார்.

அன்று பணம் கொண்டுவந்த கலபாலின் என்ன ஆனார்? அவரும் ஆசிரியரானார். அனாதைக் குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தினார்.