சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சட்டசபையில் எத்தனை ஆசனங்கள் உள என்பது ஒரு வினா. அவற்றில் அமர்வோரை அனுப்பும் உரிமை யாருக்கு என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்ந்து உழைத்த பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வரலாற்றைப் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் இம்மலர் வாயிலாக நினைவூட்ட விரும்புகின்றோம்.

அன்னார் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் புதல்வராகவும், சேர் இராமநாதனின் இளவலாகவும் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்று, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் ஆக்கிய சைவ அறிஞரும் அவரே.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, நாட்டு மக்கள் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர் எனக் கணக்கிட்டவர் அவர். அம்மக்களுக்குச் சட்டநிரூபண சபையில் இருந்த இடம் யாது? 1833இல் 15 பேருடன் அமைந்த சபையில் 9 பேர் உத்தியோகத்தர். ஏனைய அறுவரும் தேசாதிபதியின் நியமனம் பெற்றோர். 1912இல் உறுப்பினர் தொகை 21 ஆயிற்று. எனினும், தெரிவு செய்யப்பட்டோர் நால்வரே. படித்த இலங்கையரின் ஒரே பிரதிநிதியாக இராமநாதனைத் தெரிந்த தேர்தலில், நாடு முழுவதிலும் வாக்காளர் ஏறக்குறைய 3,000 பேரேயாவர்.

1913இல் இளைப்பாறிய அருணாசலம், 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தை நிறுவினார். பிரதேசவாரித் தொகுதிகள் வந்தால் தமிழர் குரல் அமிழ்ந்துவிடுமோவென யாழ்ப்பாணச் சங்கத்தார் ஐயுற்றனர். மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்து மூலம் உறுதி கூறினர். அதனை நம்பி அருணாசலம் யாழ்ப்பாணத்தாரின் இசைவைப் பெற்றார். 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவருமானார்.

1921இல் சபை 37 உறுப்பினராக விரிந்தது; உத்தியோகத்தர் 14 பேராகச் சிறுபான்மையாயினர். சபை பெருத்தது; வாக்குறுதியோ சிறுத்தது. அவ்வுறுதியின் பொருள் பற்றி வாதம் எழுந்தது, ஆசனம் கிட்டவில்லை. தாம் பிணை நின்ற சொல் பொய்த்தமை கண்டு அருணாசலம் காங்கிரஸை விட்டு நீங்கினார். 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தைத் தோற்றுவித்தார்.

1924 ஜனவரி 9ஆந் திகதி மதுரையம்பதியில் அவர் இறைவனடி எய்தினார். அவ்வாண்டே 49 உறுப்பினர் கொண்ட புதிய சபை அமைந்தது. அதில் மேல் மாகாணத் தமிழர்க்கும் ஓர் ஆசனம் இருந்தது. ஆயின், அயலாரின் நல்லெண்ணத்தால் விளைந்த பொதுத் தொகுதியாகவன்றி, இனவாரித் தொகுதியாகவே அது வந்தது. அவர் வேண்டியது ஆசனம் ஒன்றை மட்டுமன்று; அதனை மனமுவந்து அளிக்கும் ஒற்றுமையையுமாம்.

ஆசனங்களைக் கூட்டுதல் சட்டத்தால் இயலும். சிறு தொகையினர்க்கு அளித்த சொல்லைக் காத்தல் பெருந்தொகையினரின் பண்பால் மட்டுமே இயலும். நாளை சபைகளிலும் சங்கங்களிலும் அமரவிருக்கும் எம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.