துபாஷியை நம்பாத அடிகளார்

நம் முத்துக்குளித்துறையோடு தொடர்புடைய பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைக் கைடு பாராமல் எழுதி வருமாறு எங்கள் வரலாற்று ஆசிரியை பணித்தார். நான் ஹென்றிக்கஸ் அடிகளாரைத் தேர்ந்தெடுத்தேன்.

போர்த்துக்கல் நாட்டில் 1520-ஆம் ஆண்டு பிறந்த இவர், இயேசு சபையில் சேர்ந்து 1546-இல் கோவா வந்தார். மறு ஆண்டே நம் கடற்கரையில் பணியேற்றார். தொடக்கத்தில் அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியை நம்பியே மக்களிடம் பேசினார். தாம் சொல்வது ஒன்று, மக்கள் காதில் விழுவது வேறொன்று என்று விரைவில் கண்டுகொண்டார். அதன்பின் இரவும் பகலும் தமிழ் படித்தார். சில மாதங்களிலேயே துபாஷியின்றிப் பேசலானார். பின்வரும் குருக்களும் கற்கத் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார்.

1578-இல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள்! ஆயினும் இந்திய மண்ணில், இந்திய மொழியின் எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல் அதுவே. 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மக்களிடையே உழைத்த அடிகளார், 1600-ஆம் ஆண்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே, இவ்வாண்டு நமக்குப் பொதுத்தேர்வு. கைடை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் கைடும் ஒரு துபாஷிதான். இக்கட்டுரையை மூன்று முறை அடித்து எழுதியபின்தான் எனக்கு அது புரிந்தது.