ஐயரவர்களும் புகையிலைத் தூதும்

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிந்தாமணியையும் சிலம்பையும் மணிமேகலையையும் புறநானூற்றையும் சொல்லி நிறைவு கொள்வது வழக்கம். எண்பதைக் கடந்த முதுமையில் அவர் பதிப்பித்த சிறுநூல் ஒன்று பலர் நினைவில் நிற்பதில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது என்பது அதன் பெயர். சுருட்டாகவும் பொடியாகவும் தாம்பூலத்தின் துணையாகவும் தமிழர் சுவைத்த ஓர் இலையின் புகழைப் பாடும் நூல் அது. அதன்வழி நின்று அப்பெருமகனாரின் வாழ்வை ஒருமுறை நோக்குவோம்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் தோன்றியவர் ஐயர். வறுமையோடு போராடித் தமிழ் கற்றார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, ஆசிரியர் 1876இல் மறையும் வரை உடனிருந்து பயின்றார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தூது எனச் சிற்றிலக்கியங்களே அக்கல்வியின் பெரும்பகுதியாய் இருந்தன. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது, தாம் கற்றவற்றைக் குறித்து அவர்க்கு நிறைவே இருந்தது.

அந்த நிறைவைக் கலைத்தவர் நம் சேலத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இராமசுவாமி முதலியார். முன்சீபாகக் குடந்தைக்கு வந்த அவர், கற்ற நூல்கள் எவை என்று வினவினார். ஐயர் அடுக்கிச் சொன்ன சிற்றிலக்கியப் பட்டியல் அவரைச் சிறிதும் அசைக்கவில்லை. அவற்றினும் பழமையான சிந்தாமணியைக் கற்றதுண்டா என்பதே முதலியார் எழுப்பிய வினா. அந்த வினா ஐயரின் வாழ்வைத் திருப்பியது. ஏழாண்டு உழைப்பின் பயனாய்ச் சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகச் செங்கோட்டைக் குறிக்கும் சிலம்பு அவர் பதிப்பாலேயே நம் கைக்குத் தெளிவுற வந்து சேர்ந்தது.

சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல் இங்கிலாந்தில் கானன் டாயிலின் முதல் துப்பறியும் புதினம் வெளியாயிற்று. கொலை நடந்த அறையில் சிந்திக் கிடந்த சாம்பலின் கருமையையும் செதில்போன்ற தன்மையையும் கண்டு, அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலே என்று ஷெர்லாக் ஹோம்ஸ் துணிகிறான். இருமுனையும் நேராக நறுக்கப்பெற்ற, காரம் மிகுந்த அந்தச் சுருட்டை ஆங்கிலேயர் விரும்பிச் சுவைத்தனர். ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லும் ‘செரூட்’ எனத் திரிந்து அவர்கள் மொழியில் குடியேறியது. சாம்பலைக் கண்டே இலையின் ஊரைச் சொல்லுமளவுக்கு உலகம் அதை அறிந்திருந்தது. அவ்விலையைப் பாடிய தமிழ்நூலோ அன்று ஏட்டுச்சுவடியில் உறங்கிக் கிடந்தது.

பழனி முருகன்பால் காதல்கொண்ட தலைவி புகையிலையைத் தூதாக விடுப்பதே அந்நூலின் பொருள். அன்னம், மயில், கிளி, முகில் முதலாகத் தூதுக்குரியன என மரபு வகுத்தவற்றுள் புகையிலைக்கு இடமில்லை. போர்த்துகீசியர் வழியே நம் நாட்டுக்கு வந்த பயிருக்குப் புலவர் ஒரு புராணமே படைத்துத் தருகிறார். மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு எழுகிறது. அவையோர் சிவனிடம் வில்வத்தையும், திருமாலிடம் துளசியையும், பிரமனிடம் புகையிலையையும் கொடுத்து மறுநாள் கொணரப் பணிக்கின்றனர். வில்வம் கங்கையோடு போயிற்று. துளசி பாற்கடலில் போயிற்று. பிரமனிடம் இருந்த இலை மட்டும் போகவில்லை. போகாத இலை புகையிலை ஆயிற்றாம்! கற்றறிந்த பெரியோரும் பொடிக்குமுன் பெருமையை மறந்து நிற்பதைப் புலவர் நகைச்சுவை தோன்றக் காட்டுகிறார். காரமும் மணமும் தரும் இன்பத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்ட பாட்டு அது.

மகாமகோபாத்தியாயப் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்ற முதுபெரும் புலவர் இதைப் பதிப்பிக்கத்தான் வேண்டுமா என்று சிலர்க்குத் தோன்றலாம். புகையிலை உயிரைக் குடிக்கும் என்பதை மருத்துவம் ஐயமற நிறுவிவிட்ட இந்நாளில் அவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அதற்கு விடை ஐயரின் வாழ்விலேயே கிடக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றபோது, பழுதுற்ற சுவடிகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் நெஞ்சம் பதைத்தார். எரிந்தவற்றுள் எவை உயர்ந்தவை, எவை எளியவை என்று இனி யார் சொல்ல முடியும்? ஏட்டை இழந்தபின் மதிப்பிட எதுவும் எஞ்சுவதில்லை. காப்பது முதற்கடமை, தரம் காண்பது அதன் பின்னதே.

இன்னொன்றும் இங்கு எண்ணத்தக்கது. முதலியாரின் வினாவுக்குப்பின் சங்கநூல்களின் உச்சியை எட்டிய ஐயர், தம் இளமைக்கல்வியான சிற்றிலக்கியங்களை இழிவென்று தள்ளிவிடவில்லை. உலாவையும் கோவையையும் தூதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்தார். சிந்தாமணிக்குக் காட்டிய அதே கருத்தைப் புகையிலைத் தூதுக்கும் காட்டினார். பெரியதைக் கண்டவர் சிறியதை மறவாதிருந்தார் என்பதே அவர்தம் பெருமை.

போர்க்கால அச்சத்தால் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் மறைந்தார். மறுஆண்டு அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் அவர் தேடிய சுவடிகளைக் காத்து வருகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இன்று நாம் எழுதுவனவற்றுள் எது நிற்கும், எது போகும் என்பதை நாம் அறியோம். அரங்கேறும் சிறு கவிதையையும் பேணி வைப்போம். போகாத இலையாக எது எஞ்சும் என்பதைப் பின்வருவோர் சொல்லட்டும்.