பனிக்கட்டி விற்ற பாஸ்டன்காரர்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் பழைய மாணவர், சென்ற சித்திரையில் குன்றத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து கிடைத்த வீரியமான பீர் புட்டிகள் சிலவற்றைப் பரணில் ஓராண்டு வைத்து முதிரச் செய்யலாமா என்று தயக்கத்தோடு கேட்டார். எனக்கு அப்பழக்கம் இல்லை. ஆனால், கேள்வி பிடித்திருந்தது. பீர் பக்குவமாய் முதிர ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் ஊர்ப் பரணோ கோடையில் 40-ஐ நெருங்கும். புட்டிக்குள் எஞ்சிய ஆக்சிஜன் அச்சூட்டில் விரைந்து வேலைசெய்து, ஈர அட்டையின் வாடையை ஏற்றிவிடும். அப்போது நினைவுக்கு வந்தவர்தான், குளிர்ச்சியையே சரக்காக்கிய பிரெடரிக் டியூடர்.

1783-இல் பாஸ்டனில் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் டியூடர். குளிர்கால ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெப்பநாடுகளில் விற்க நினைத்து, 1806-இல் மார்ட்டினிக் தீவுக்குக் கப்பல் ஏற்றினார். ஊரே சிரித்தது. சரக்கு போய்ச் சேர்ந்தது. இறக்கிவைக்கத்தான் கிடங்கு இல்லை. நட்டம், கடன், பின்னர் கடனுக்காகச் சிறை.

அதன்பின் சரக்குக்கு முன்பே கிடங்கைக் கட்டினார். வெப்பத்தைத் தடுக்க எதையெதையோ சோதித்து, அறுவை ஆலைகள் கழிவாகத் தள்ளிய மரத்தூளில் வந்து நின்றார். விலையில்லாப் பனிக்கட்டி, விலையில்லா மரத்தூள், சரக்கின்றிப் பாரத்துக்குக் கல்லேற்றிச் சென்ற கப்பல்கள்: இம்மூன்றையும் இணைத்த கணக்கை வகுப்பில் நான் பலமுறை வியந்து சொன்னதுண்டு. மதுக்கடைகளுக்கு முதலில் இலவசமாகக் கொடுத்து, நாக்கு பழகியபின் விலை கேட்டதையும் சொல்லாமல் விட்டதில்லை.

1833-இல் 180 டன்னுடன் புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. அதுவரை இங்கிருந்த வெள்ளையர்கள் வெடியுப்புக் கரைசலில்தான் புட்டிகளைக் குளிர்வித்து வந்தனர். காப்பி ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்த டியூடரை மீட்டதில் கல்கத்தா வருவாய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1842-இல் சென்னைக் கடற்கரையிலும் கிடங்கு எழுந்தது. ஆயினும், போட்டியாளரைத் தலையெடுக்க விடாத ஏகபோகக்காரர் அவர். அந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் துரைமார் மேசைக்கே போயிற்று. அதைச் சுமந்த நம்மவர் கைகள் குளிர்ந்திருக்கும். நாக்கு குளிர்ந்ததா என்பது ஐயமே.

1864-இல் டியூடர் மறைந்தார். பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்ததும் வணிகம் படுத்தது. கிடங்கு கைமாறி, 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரிலேயே நினைவில்லமாயிற்று. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.

மாணவர் இப்போது புட்டிகளைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறார். அங்கே மெதுவாகத்தான் முதிரும், கெடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதிருக்கச் சொல்லியிருக்கிறேன்.